போன்காரியின் குருத்துக் குழு

அவர் எங்கள் ஆபீசுக்கு முதன்முதலாக வந்தபோது கையில் மனு எதுவும் இல்லை. ஒரு சாக்குப்பை இருந்தது. வரிசையில் முன்னால் நின்றவர்கள் விலகியதும் என் மேசைக்கு எதிரே வந்து, பையைத் தலைகீழாகப் பிடித்து உதறினார். பத்துப் பன்னிரண்டு மக்காச்சோளச் செடிகள் வேரும் மண்ணுமாக என் கோப்புகளின் மேல் விழுந்தன. ஒவ்வொன்றின் குருத்திலும் மரத்தூள் மாதிரி ஈரப் பொடி. அதற்குள்ளிருந்து பழுப்பு நிறப் புழு ஒன்று நிதானமாகத் தலையை நீட்டி, ஆபீசைச் சுற்றிப் பார்த்தது.

"என்னம்மா இது?" என்றேன்.

"அதத்தான் சார் உங்ககிட்ட கேக்க வந்தேன்."

நான் அப்போது அந்த விவசாய ஆபீசில் எட்டு வருடமாக எழுத்தர். பதிவேடு, கடிதம், விவசாயிகளுக்கு அனுப்பும் எஸ்.எம்.எஸ். எல்லாம் என் கையில்தான். படைப்புழு என்று ஒன்று வந்திருப்பதும், அது சோளக் குருத்துக்குள் புகுந்து உட்கார்ந்துவிட்டால் எந்த மருந்தும் எட்டாது என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தவன் என்ற மிதப்பில், அதுபற்றி ஆறு தடவை மெசேஜ் அனுப்பியாகிவிட்டது, படித்திருந்தால் பயிர் பிழைத்திருக்கும் என்று சொன்னேன்.

"யாருக்கு அனுப்புனீங்க?"

பதிவேட்டைப் புரட்டி எண்ணைப் படித்தேன். அவர் புருசனுடைய எண். அந்த மனிதர் பஸ்ஸில் ஒரு பகல் முழுக்கப் போனால் வரும் பெரிய நகரத்தில் கம்பி கட்டும் வேலை செய்கிறார். மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவார். என் ஆறு மெசேஜும் நான்காவது மாடிச் சாரத்தில் நின்ற ஒருவருடைய சட்டைப் பையில் போய் விழுந்திருக்கின்றன. ஏதோ விளம்பரம் என்று அவர் ஆறையும் அழித்திருக்கிறார்.

"புழு இங்க. மெசேஜ் அங்க. நல்லா இருக்கு சார்" என்றார் அவர். பிறகு தன் எண்ணை எழுதிக்கொள்ளச் சொன்னார். சொந்த போன் இன்னும் இல்லை, அக்கா ஒன்று தருவதாகச் சொல்லியிருக்கிறாள், நாளைக்கே வந்துவிடும் என்றார்.

நிலம் யார் பேரில் இருக்கிறதோ அவர் எண்ணைத்தான் பதிய முடியும், அதுதான் ரூல் என்றேன். பதிவேட்டில் அவர் புருசன் பெயருக்கு எதிரே 'விவசாயி' என்றும், கீழே இவர் பெயருக்கு எதிரே 'இல்லத்தரசி' என்றும் என் கையெழுத்திலேயே இருந்தது. அதையும் காட்டினேன். அவர் குனிந்து, எழுத்துக்கூட்டிப் படித்தார். நிமிர்ந்து தன் இரண்டு உள்ளங்கைகளையும் என் முன்னால் விரித்தார்.  காய்ப்பேறிய கை. அரிவாள் கீறல் ஒன்று பெருவிரலிலிருந்து மணிக்கட்டு வரை ஓடியது. பிறகு அவர் காலிப் பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார். செடிகளை எடுத்துக்கொண்டு போகவில்லை. சாயங்காலம் வரை நானும் பியூனும் கோப்புகளுக்கு இடையில் புழு பொறுக்கினோம்.

அவர் கதையை அதற்குப் பிறகு வந்த வருடங்களில் கொஞ்சம் அவர் வாயாலும் மிச்சத்தை மற்றவர்கள் வாயாலும் கேட்டேன்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. கல்யாணமாகி வந்தபோது அந்த இரண்டு ஏக்கரும் கல்லும் முள்ளுமாகக் கிடந்ததாம். புருசன் நல்ல மனிதர்தான், ஆனால் மண் வேலைக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். இரண்டு போகம் பார்த்துவிட்டுக் கம்பி கட்டப் போய்விட்டார். கல் பொறுக்கியது, ஏர்க்காரரைப் பிடித்தது, விதைத்தது, களை எடுத்தது, மருந்து அடித்தது, கதிர் ஒடித்தது எல்லாம் இவர். பதினாறு வருடம். அத்தனை வருடமும் யாராவது வீட்டு வாசலில் நின்று "விவசாயி இருக்காரா?" என்று கேட்டால், "வெளியூர் போயிருக்காரு" என்று பதில் சொன்னதும் இவரேதான். "அப்ப அது தப்பாவே தோணல சார். பல்லு தேய்க்கிற மாதிரி, பழக்கத்துல சொல்லிட்டேன்" என்றார் ஒருநாள்.

அந்த வருடம் சோளம் முழுக்கப் போயிற்று. மாட்டுக்குத் தட்டைகூட மிஞ்சவில்லை. முன்கூட்டியே ஒருவர் சொல்லியிருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று தெரிந்ததுதான் அவரை உறங்கவிடவில்லை. இழப்பைக்கூடத் தாங்கிக்கொள்வார். 'உனக்குச் சொன்னோமே' என்று நான் சொன்னதை அவரால் தாங்க முடியவில்லை.

அக்கா தந்த போன் ஒரு அதிசயப் பொருள். திரையில் சிலந்திவலை மாதிரி விரிசல். பேட்டரி உப்பியிருந்ததால் பின்மூடி நிற்காது, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தார். திரையின் வலது மூலை வேலை செய்யாது என்பதால் சில எழுத்துகள் வரவே வராது. அதனால் எழுதுவதை விட்டுவிட்டார். மைக் படத்தை அழுத்திப் பேசினால் குரல் போய்ச் சேரும் என்று கண்டுபிடித்த அன்று, மாட்டுக் கொட்டகையில் நின்று அக்காவுக்குப் பதினேழு குரல் பதிவு அனுப்பியிருக்கிறார். அதில் பாதி "கேக்குதா? கேக்குதா?"

ஊர் விவசாயிகளுக்கு என்று போனில் ஒரு குழு இருந்தது. இருநூறு பேர், அத்தனையும் ஆண்கள். அதை நடத்தியவர் உரக்கடைக்காரர். இவருடைய கொழுந்தனார், அதாவது புருசனின் தம்பி, ஏதோ ஞாபகத்தில் இவரையும் அதில் சேர்த்துவிட்டார். இரண்டு வாரம் இவர் சத்தமில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார். மழை, விலை, காலை வணக்கம், பூப்படம், உரக்கடையில் புதிதாக வந்த மருந்து. அடுத்த விதைப்புக்குப் பிறகு ஒருநாள் இவர் குரல் அதில் ஒலித்தது. இலைக்கு அடியில் பஞ்சு ஒட்டினாற்போல் முட்டைக் கூட்டம் இருக்கிறது, கையால் நசுக்கினால் போதுமா, மருந்து அவசியமா என்று கேட்டிருந்தார். நேரான கேள்வி.

பதில் வரவில்லை. ஒருவர் சிரிக்கும் பொம்மை போட்டார். இன்னொருவர், வீட்டில் ஆம்பளைங்க யாரும் இல்லையா என்று எழுதினார். உரக்கடைக்காரர், கடைக்கு ஆளை அனுப்பினால் மருந்து தருகிறேன் என்றார். இவர் மறுபடியும் மைக்கை அழுத்தினார். "மருந்து எங்க கிடைக்கும்னு கேக்கல. வேணுமா வேண்டாமான்னு கேட்டேன். தெரிஞ்சவங்க சொல்லுங்க, தெரியாதவங்க பொம்மை போடுங்க."

அரை மணி நேரத்தில் அவரைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். மறுநாள் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் அவருக்குப் புதுப்பெயர் கிடைத்திருந்தது: போன்காரி. டீக்கடை வழியாகப் போனால், "போன்காரி போகுது, டவர் கிடைக்கும்டா" என்று பின்னால் குரல் வரும். முதல் வாரம் தலையைக் குனிந்துகொண்டு போனாராம். இரண்டாவது வாரம் நின்று திரும்பி, "ஆமா, போன்காரிதான். சோளத்துல சந்தேகம்னா கூப்பிடுங்க, நம்பர் தரேன்" என்று சொன்னாராம். கடையில் கொஞ்ச நேரம் டீ ஆற்றும் சத்தம் மட்டும் கேட்டதாக, அன்று அங்கே உட்கார்ந்திருந்த எங்கள் பியூன் சொன்னார்.

இவர் தனியாக ஒரு குழு ஆரம்பித்தார். பெயர் 'குருத்து'. ஆள் சேர்ப்பதுதான் பெரிய பாடு. சொந்த போன் வைத்திருந்த பெண்கள் மூன்றே பேர். மற்றவர்கள் வீட்டில் போன் இருந்தது, ஆனால் மகன் கையிலோ மாமனார் தலைமாட்டிலோ இருந்தது. ஒருத்தி புருசன் குளிக்கும் நேரத்தில் மட்டும் பேசுவாள். அவளுடைய பதிவுகளில் பின்னணியில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்கும், அது நின்றதும் பேச்சும் நின்றுவிடும். இப்படி ஒட்டுப்போட்டுச் சேர்த்ததில் இவரோடு பன்னிரண்டு பேர் தேறினார்கள்.

செய்ய வேண்டியது இதுதான். காலையில் வயலுக்குள் போய் ஐந்து இடத்தில் நிற்க வேண்டும். இடத்துக்குப் பத்துச் செடி. இலையைத் திருப்பி முட்டை இருக்கிறதா, குருத்தில் பொடி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஐம்பது செடியில் எத்தனை என்று குழுவில் சொல்ல வேண்டும். பத்தை எட்டினால் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும், அதற்குள் இருந்தால் கையே போதும். எங்கள் ஆபீஸ் அச்சடித்த துண்டுத்தாளில் இருந்த முறைதான் அது. ஆயிரம் தாள் அச்சடித்தோம், என் அலமாரியில் எண்ணூறு கிடந்தது. இவர் பஸ் நிறுத்தத்தில் பொட்டலம் மடித்திருந்த தாளில் அதைப் பார்த்து, மூன்று நாள் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறார்.

ஊரில் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும் இடம் ஒன்றுதான், மேட்டு வரப்பில் மோட்டார் அறைக்குப் பக்கத்தில். பெண்கள் அங்கே வந்து நின்று கையை உயர்த்திப் பேசுவார்கள். ஒருத்தியின் பதிவு எதுவானாலும் நடுவில் அவள் வீட்டுச் சேவல் கூவும், வயலில் நின்று பேசினாலும் கூவும். எப்படி என்று கேட்டால், அது தன்னை விட்டுப் பிரியாது என்பாள். இன்னொருத்தி மாமியார் சண்டையில் ஆரம்பித்து, நாத்தனார் வழியாகச் சுற்றிக்கொண்டு, கடைசியில்தான் செடிக்கு வருவாள். அதற்குள் முட்டைகள் பொரிந்துவிடும். ஆகவே இவர் ஒரு சட்டம் போட்டார். முதலில் எண்ணிக்கை, பிறகு மாமியார்.

பெண்கள் மோட்டார் அறைப் பக்கம் கூடிப் பேசுவது கொழுந்தனாருக்குப் பொறுக்கவில்லை. அண்ணி யாரோடு பேசுகிறார் என்று ஊரே கேட்கிறது என அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னார். அண்ணன் லீவு போட்டுவிட்டு வந்து இறங்கினார்.

வந்தவர் கத்தவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வந்து கையை நீட்டினார். "போனக் குடு."

இவர் அடுப்பைக் குறைத்துவிட்டு எழுந்தார். போனைத் தரையில் வைத்தார். பக்கத்தில் மோட்டார் அறைச் சாவியை வைத்தார். களைக்கொத்தை எடுத்து வந்து அதையும் வைத்தார்.

"மூணும் ஒரே வேலைக்கான சாமானுங்க. எடுத்தா மூணையும் எடுங்க. ஒண்ண மட்டும் எடுத்துட்டுப் போனா மத்த ரெண்டையும் நான் தொடமாட்டேன்."

அவர் போனை மட்டும் எடுத்துக்கொண்டார். இவர் சொன்னபடி மற்ற இரண்டையும் தொடவில்லை. பின்பக்கம் போய், விறகு அடுக்கின் மறைவில் கோபத்தில் அழுததாக என்னிடம் சொன்னார். "போன் போச்சேன்னு அழல சார். நான் சொன்னது அவருக்குப் புரியலையேன்னு."

மறுநாள் விடிந்ததிலிருந்து போன் அடிக்க ஆரம்பித்தது. புருசன் எடுத்தால், "அக்கா இல்லையாண்ணே? குடுங்க" என்று ஒரு குரல். வைத்தால் அடுத்தது. எடுக்காமல் விட்டால் குரல் பதிவு. திறந்து கேட்டால், அம்பதுல ரெண்டு என்று ஒருத்தி, அம்பதுல ஒண்ணுமில்ல என்று ஒருத்தி, நடுவில் சேவல். முதல் நாள் எரிச்சலாகக் கேட்டார். இரண்டாம் நாள் வாசலில் உட்கார்ந்து காதோடு வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். அவர் எதிர்பார்த்த பேச்சு எதுவும் அதில் இல்லை. முட்டை, புழு, பொடி, ஈரம், மணல். மூன்றாம் நாள் ஒருத்தி பதற்றமாகப் பேசியிருந்தாள்: "அக்கா, அம்பதுல பதினொண்ணு. இன்னைக்கே அடிக்கணுமா, கையாலயே சமாளிக்கலாமா? சீக்கிரம் சொல்லுக்கா, வெயில் ஏறுது."

அவர் போனைப் பிடித்தபடி முற்றத்தைத் தாண்டி வந்து கேட்டார். "அம்பதுல பதினொண்ணுன்னா என்ன அர்த்தம்?"

இவர் தானியம் புடைத்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை. "போன் உங்ககிட்டதான இருக்கு. நீங்களே சொல்லுங்க."

 அவர் போனை முறத்தின் ஓரத்தில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை, அதன் பிறகும் கேட்டதில்லை. ஆனால் ஊருக்குப் போகும்முன் ரப்பர் பேண்டை அவிழ்த்து, கம்பி கட்டும் மெல்லிய கம்பியால் பின்மூடியை இறுக்கிக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். தம்பி மறுபடி போன் போட்டபோது, உன் வயலை நீ பார் என்று சொன்னதாகக் கேள்வி.

அந்தப் போகத்தில் முட்டைக் கூட்டத்தைப் பெண்கள் முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். கண்ட இடத்திலேயே விரலால் நசுக்கினார்கள். சின்னப் புழு தெரிந்த குருத்தில், அது உராய்ந்து சாகும்படி, ஒரு சிட்டிகை மணல் போட்டார்கள். எண்ணிக்கை ஏறிய மூன்று வயலில் மட்டும், சரியான நாளில், வெயில் தாழ்ந்த பிறகு, குருத்துக்குள் இறங்கும்படி மருந்து அடித்தார்கள். மற்ற ஒன்பது வயலில் மருந்தே இல்லை. அறுவடையின்போது பார்த்தால், பன்னிரண்டு பேர் வயலும் நின்றது. சுற்றிலும் இருந்த வயல்களில் நாலைந்து முறை மருந்து அடித்தும் பாதிதான் தேறியது. அப்படியும் ஒருவர் வயலும் முழுசாகத் தப்பிவிடவில்லை. சேவல்காரி வயலில் ஒரு மூலை போயிற்று. இவர் வயலில் இரண்டு பாத்தி. ஆனால் களத்தில் கதிர் குவிந்தது.

அப்போதுதான் உரக்கடைக்காரர் எங்கள் அதிகாரிக்கு ஒரு புகார் எழுதினார். படிப்பறிவில்லாத சில பெண்கள் போன் மூலம் தவறான தகவல் பரப்பி, விவசாயிகளை மருந்து அடிக்கவிடாமல் தடுக்கிறார்கள், நடவடிக்கை தேவை. விளக்கம் தர நேரில் வருமாறு இவருக்குக் கடிதம் போயிற்று. தட்டச்சு செய்தவன் நான்.

ஒருவரைத்தான் கூப்பிட்டிருந்தோம். பன்னிரண்டு பேர் வந்தார்கள். அதிகாரி அறையில் நாலு நாற்காலி. அவர்களே வராந்தாவிலிருந்த பெஞ்சு இரண்டை ஆளுக்கொரு முனையாகத் தூக்கி வந்து போட்டு உட்கார்ந்தார்கள். உரக்கடைக்காரர் நாற்காலியில் இருந்தார், கால்மேல் போட்டிருந்த காலை இறக்கினார்.

அதிகாரி புதிதாக வந்தவர், பொறுமையானவர். என்ன தகவல் பரப்பினீர்கள் என்று கேட்டார். இவர் போனை மேசைமேல் வைத்துச் சத்தத்தைக் கூட்டி, குழுவின் முதல் நாளிலிருந்து பதிவுகளைப் போட்டார். ஒவ்வொன்றுக்கும் தேதி, நேரம் திரையில் இருந்தது. அம்பதுல ஒண்ணு. அம்பதுல மூணு. முட்டை இருக்கு, இலைக்குக் கீழ. சேவல். நசுக்கிட்டேன். அம்பதுல எட்டு. அறை முழுக்க வெவ்வேறு குரல்கள். அந்தக் குரல்களுக்குச் சொந்தக்காரிகள் எதிரில் உட்கார்ந்து, தங்கள் முறை வரும்போது கொஞ்சம் வெட்கப்பட்டார்கள். மாமியார் கதை ஒன்று தொடங்கியபோது இவர் அவசரமாகத் தாண்டினார்.

அதிகாரி பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டே வந்தார். பிறகு என்னிடம் திரும்பினார். "முட்டை முதல்ல தெரிஞ்சது நாலாம் தேதி. நம்ம மெசேஜ் எப்ப போச்சு?"

பதினைந்தாம் தேதி போயிற்று. சொன்னேன். பதினோரு நாள் பிந்தி.

உரக்கடைக்காரர், நம்பத்தகாத ஆட்கள் சொல்வதை வைத்து முடிவு எடுக்கக் கூடாது என்று தொடங்கினார். இவர் அவர் பக்கம் திரும்பினார். "அண்ணே, எந்த வயல்ல எந்தக் கணக்குத் தப்புன்னு சொல்லுங்க. இப்பவே எல்லாரும் போயி எண்ணிட்டு வரலாம். தட்டை இன்னும் நிக்குது." அவர் வாட்சைப் பார்த்தார். கடையில் ஆள் இல்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

விஷயம் அதோடு முடிந்தது என்று நினைத்தேன். இவர் எழுந்திருக்கவில்லை.

"எங்க பன்னெண்டு நம்பரையும் பதிஞ்சுக்குங்க சார்."

எனக்குப் பழகிய பதில் தானாக வாயில் வந்தது. நிலம் யார் பேரில் இருக்கிறதோ அவர் எண்தான், ரூல் அப்படி.

"அந்த ரூல் எங்க எழுதியிருக்கு? காட்டுங்க."

நான் அதிகாரியைப் பார்த்தேன். அவரும் காட்டு என்பது போல்தான் பார்த்தார். அலமாரியின் மேல் தட்டில் அந்த உத்தரவு இருந்தது. தூசி தட்டி எடுத்து வந்தேன். சத்தமாகப் படிக்கச் சொன்னார்கள். படித்தேன். இரண்டாவது பக்கம், நான்காவது வரி: 'சாகுபடி செய்பவரின் கைபேசி எண் பதிவு செய்யப்பட வேண்டும்.'

சாகுபடி செய்பவரின். இன்னொரு தடவை மனசுக்குள் படித்தேன். நில உரிமையாளர் என்ற சொல்லே அந்த உத்தரவில் எங்கும் இல்லை. எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் வாய்வழியாகச் சொன்னதை நான் ரூல் என்று நம்பி, ஒன்பது வருடமாக அந்த மேசைக்கு வந்த ஒவ்வொரு பெண்ணிடமும் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எத்தனை பேர் என்று எனக்கே தெரியாது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இவர் என்னைப் பார்த்துக் குரலை உயர்த்தாமல் கேட்டார். "ஒம்பது வருசமா எதப் பாத்து சார் சொன்னீங்க?"

 பதிவேட்டை எடுத்து வந்து அந்த அறையிலேயே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். தொழில் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. பழைய சொல்லை அடித்துவிட்டு 'விவசாயி' என்று எழுதினேன். இவர் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்த பிறகுதான் அடுத்தவளுக்கு வழிவிட்டார். அடித்தது நன்றாகத் தெரியும்படி இருந்தது. புதுத்தாளில் எழுதித் தருகிறேன் என்றேன். வேண்டாம், அடித்தது தெரியட்டும் என்றார்.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று சொல்ல ஆசைதான். அப்படி ஆகவில்லை. புகார் மூடப்பட்டது, ஆனால் உரக்கடைக்காரர் அந்தப் பன்னிரண்டு பேருக்கும் கடனுக்குச் சாமான் தருவதை நிறுத்திவிட்டார். அவர்கள் சேர்ந்து பக்கத்து ஊரிலிருந்து விதை எடுத்து வருகிறார்கள், பஸ்ஸில், மடியில் வைத்துக்கொண்டு. இரண்டு பேர் வீட்டு நெருக்கடியில் குழுவை விட்டு விலகினார்கள். தண்ணீர் சத்தக்காரி ஒருத்தி. அவளுக்காக இவர் இன்னும் தினமும் எண்ணிக்கையை அவள் வீட்டுப் பின்வேலி அருகில் நின்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போகிறார். கொழுந்தனாரின் பெண்டாட்டி முதலில் திருட்டுத்தனமாகவும் பிறகு பகிரங்கமாகவும் சேர்ந்தாள். அவள் வயலைக் காப்பாற்றியதும் கொழுந்தனார், அண்ணி சொன்னதைக் கேட்டேன் என்று வெளியில் சொல்லாமல், காற்று இந்தத் தடவை சாதகம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

எங்கள் ஆபீஸ் எழுத்து மெசேஜோடு குரல் செய்தியும் அனுப்ப ஆரம்பித்தது. அதற்கும் இவர்தான் காரணம். படிக்கத் தெரியாதவளுக்கு எழுத்தை அனுப்புவது பூட்டிய கதவைத் தட்டுவது மாதிரி என்று மாதக் கூட்டத்தில் எழுந்து சொன்னார். முதல் செய்தியை நான் என் குரலில் பதிந்து அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் பெண்கள் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். "சார், மெசேஜ் ஒருத்திக்கும் புரியல. பரீச்சைக்குப் படிக்கிற மாதிரி இருக்கு." அதன் பிறகு நாங்கள் எழுதித் தருவதைச் சேவல்காரிதான் தன் பேச்சில் சொல்கிறாள். நாற்பது ஊருக்கு அந்தச் சேவலோடுதான் போகிறது. இதுவரை யாரும் புகார் செய்யவில்லை.

நிலம் இன்னும் புருசன் பேரில்தான் இருக்கிறது. கூட்டுப் பெயரில் மாற்றக் கேட்டு இவர் மனு போட்டு மூன்று வருடம் ஆகிறது. புருசன் கையெழுத்துப் போட்டுவிட்டார், பூர்வீக நிலம் என்பதால் கொழுந்தனாரும் போட வேண்டுமாம், அவர் போடவில்லை. மாதத்தில் முதல் செவ்வாய் நில ஆபீசுக்குப் போகிறார். அங்கே என்ன சொன்னாலும், அது எந்தத் தாளில் இருக்கிறது, காட்டுங்கள் என்று கேட்கிறார். அவர் வருவதைப் பார்த்தாலே அங்குள்ள எழுத்தர் முன்கூட்டியே அலமாரியைத் திறந்துவிடுகிறாராம். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது.

போன வருடம் தலைமை ஆபீசிலிருந்து ஒரு போட்டோக்காரரை அனுப்பினார்கள். போன் பயன்படுத்தும் பெண் விவசாயி என்று ஒரு கையேடு போடப் போகிறார்களாம், அட்டைக்கு இவர் படம் வேண்டும். நானும் கூடப் போனேன். இவர் வயலில் இருந்தார். போட்டோக்காரர், நல்ல துணி கட்டிக்கொண்டு வந்து, சோளத்துக்கு நடுவில் நின்று, போனைக் காதில் வைத்துச் சிரிக்கச் சொன்னார்.

"வேலை நேரத்துல நான் எதுக்குச் சிரிக்கணும்?" என்று கேட்டார் இவர்.

படம் அழகாக இருக்கும் என்றார் அவர். இவர் ஒரு இலையைத் திருப்பிப் பிடித்து, இதை எடுங்கள், இது எப்படி இருக்கும் என்று தெரியாமல்தான் எல்லாரும் பயிரைத் தொலைக்கிறார்கள், என் மூஞ்சியைப் பார்த்து யாருக்கு என்ன தெரியப்போகிறது என்றார். போட்டோக்காரர் அரை மனதோடு முட்டைக் கூட்டத்தைப் படம் எடுத்தார். வந்ததற்கு இரண்டு வரிசை களையும் எடுத்துவிட்டுப் போனார். இவர் விட்டால்தானே.

கையேடு ஆறு மாதம் கழித்து வந்தது. அட்டையில் யாரோ ஒரு பெண். வெயில் படாத முகம், நகச்சாயம், கையில் விலை உயர்ந்த போன், பின்னால் நெல் வயல். முட்டைக் கூட்டத்தின் படம் உள்ளே பதினெட்டாம் பக்கத்தில் இருந்தது. பெரிதாக, தெளிவாகவே இருந்தது. அடுத்த முறை இவர் ஆபீசுக்கு வந்தபோது எடுத்துக் காட்டினேன். எனக்குக் கோபமாக இருந்தது, அவருக்கும் இருக்கும் என்று நினைத்தேன்.

அட்டையை வெளிச்சத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். "இந்தம்மா எந்த ஊரு சார்? நம்பர் இருந்தா வாங்கித் தாங்க, குழுவுல சேத்துக்கலாம்" என்றார். பிறகு பதினெட்டாம் பக்கத்தைப் பிரித்து, விரலால் நீவிப் பார்த்துவிட்டு, இந்த மாதிரி முப்பது பிரதி வேண்டும் என்று கேட்டார். கட்டிக் கொடுத்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு, படியிறங்கும்போதே போனை எடுத்து யாரிடமோ அன்றைய எண்ணிக்கையைக் கேட்டபடி போனார்.